செடிக்கு வைரஸ் வந்தால்: ஸ்ட்ராபெர்ரி முதல் சிறுமலை வாழை வரை

செடிக்கு வைரஸ் நோய் வந்துவிட்டால் அதைக் குணமாக்க மருந்து கிடையாது. சுருண்ட இலையை உரக்கடையில் கொண்டுபோய்க் காட்டினால் ஏதாவது ஒரு பாட்டிலை எடுத்துத் தரத்தான் செய்வார்கள். அதை அடித்தால் பூச்சி சாகலாம், நுண்ணூட்டம் கிடைத்து இலை கொஞ்சம் பச்சை பிடிக்கலாம். உள்ளே இருக்கிற வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துகொள்ளச் சுலபம். கன்று வாங்கும் இடத்திலேயே ஏன் பாதிக் கதை முடிந்துவிடுகிறது, தார் போடும் என்று நம்பி வளர்த்த வாழையை ஏன் தோண்டி எடுக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பெர்ரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கொடைக்கானலில் சின்ன டப்பாக்களில் அடுக்கி விற்கிற ஸ்ட்ராபெர்ரி. தாவரவியல் கணக்கில் பார்த்தால் திராட்சை, வாழை, பப்பாளி, தக்காளி எல்லாமே பெர்ரி வகைப் பழங்கள்தான் (வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ராபெர்ரி அந்தக் கணக்கில் சேராது). கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, சிறுமலை, தாண்டிக்குடிப் பக்கத்து மலைவாழை, சோழவந்தான் வாழை, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் தக்காளி என்று மதுரையிலிருந்து கொஞ்ச நேரப் பயணத்தில் எல்லாமே இருக்கின்றன. இவற்றில் வைரஸைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லித் தரக்கூடியது வாழைதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் வாழைக்குத்தான் இடம் அதிகம்.

முதலில், வைரஸ் என்றால் என்ன? அது ஒரு செல்கூட இல்லை. கொஞ்சம் மரபணுப் பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, அவ்வளவுதான். வாழையில் முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸின் ஒரு துகள் சுமார் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 50,000 துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம். அதற்குச் சாப்பாடும் வேண்டாம், மூச்சும் வேண்டாம். ஆனால் தனியாக இருந்தால் பெருகவும் முடியாது. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் யாரோ ஒரு போலிச் சீட்டை நுழைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு நம்முடையது, மளிகை நம்முடையது, சமையற்காரரும் நம் ஆள்தான். சீட்டில் எழுதியிருப்பது மட்டும் வேறு. அவர் பாட்டுக்கு அதைப் பார்த்துச் சமைத்துக்கொண்டே இருக்கிறார், போதாததற்கு அந்தச் சீட்டையே பிரதி எடுத்துப் பக்கத்து அடுப்புக்கும் அனுப்புகிறார். வைரஸ் செடியின் செல்லுக்குள் செய்வது இதைத்தான். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் சொந்தமாக ஒரு உடம்பு உண்டு, அதைத் தாக்க மருந்தும் உண்டு. வைரஸ் வேலை வாங்குவதெல்லாம் செடியின் செல்லிடம்தான் என்பதால், அதை நிறுத்தப் போனால் செடியையே நிறுத்த வேண்டியதாகிவிடும்.

இப்படி ஒன்று இருக்கிறது என்பதே செடியில்தான் முதலில் தெரிய வந்தது. 1892இல் ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலையின் சாற்றை பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்தில் பெய்ஜெரின்க் அதே சோதனையைச் செய்து, இது பாக்டீரியா இல்லை, வேறு ஏதோ ஒன்று என்று உறுதியாகச் சொன்னார்.

இனி தோட்டத்துக்குள் போவோம். முடிக்கொத்து நோய் வந்த வாழையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். இலைகள் விரிந்து தொங்காமல், குட்டையாக, குறுகலாக, விறைத்துக்கொண்டு உச்சியில் ஒரே கொத்தாக நிற்கும். இலை ஓரம் மஞ்சள் அடிக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் பார்த்துப் பயனில்லை, அதற்குள் அக்கம்பக்கத்துக்குப் பரவியிருக்கும். நாம் பார்க்கப் பழக வேண்டியது அதற்கும் முன்னால் தெரியும் அறிகுறியை. புதிதாக விரிந்த இலையைப் பிடித்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து பிரிந்து போகும் சின்ன நரம்புகளின் மேல் கரும்பச்சையில் புள்ளி, சிறு கோடு, மறுபடி புள்ளி என்று விட்டுவிட்டுத் தெரியும். அந்தக் கோடுகள் நடு நரம்பை நெருங்கும் இடத்தில் கொக்கி மாதிரி வளைந்து இறங்கும். இலைக்காம்பில் சாம்பல் பூத்திருந்தால் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள், அங்கேயும் கரும்பச்சைக் கீற்று ஓடும். இது கண்ணில் பட்டுவிட்டால் வேறு சந்தேகம் வேண்டாம்.

“அண்ணே, மேல ரெண்டு இலதான இப்படி இருக்கு, கீழ எல்லாம் நல்லாத்தான இருக்கு, பாத்துக்கலாம்ல?” என்று கேட்பவர்கள் உண்டு. கீழே உள்ள இலைகள் நன்றாக இருப்பதற்குக் காரணம், வைரஸ் வருவதற்கு முன்பே அவை உருவாகி முடிந்துவிட்டதுதான். வைரஸ் செடிக்குள் சர்க்கரை ஓடும் குழாய்களில் பயணம் செய்கிறது. முதலில் கிழங்குக்கு இறங்கி, அப்புறம் வளரும் குருத்துக்கு ஏறுகிறது. அதனால் நோய் தொற்றிய பிறகு பிறக்கும் இலையில்தான் அறிகுறி தெரியும், அதுவும் சில வாரம் கழித்து. குருத்தில் கோடு தெரிகிற நாளில் கிழங்கு முழுக்க வைரஸ் இருக்கும். அந்தக் கிழங்கிலிருந்து முளைக்கும் பக்கக் கன்றுகள் அத்தனைக்கும் அது போய்ச் சேரும். சின்ன வயதிலேயே நோய் வந்த மரம் தார் போடாது. கடைசிக் காலத்தில் வந்தால் ஒரு தார் கிடைக்கலாம், ஆனால் அந்த மரத்தின் கன்று எல்லாம் நோய்க்கன்று.

சரி, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எப்படிப் போகிறது? வாழை அசுவினி வழியாக. பழுப்புக் கறுப்பு நிறத்தில், எள்ளைவிடச் சிறிய பூச்சி. குருத்து இலை சுருண்டிருக்கும் இடத்திலும், தண்டின் அடியில் வெளி மட்டைக்கு உள்ளேயும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறி இறங்கினால் அடி மட்டையை லேசாக விலக்கிப் பாருங்கள், அங்கே அசுவினி இருக்க வாய்ப்பு அதிகம். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. போடிப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது, ஏலக்காயின் கட்டே என்ற வைரஸ் நோயையும் அசுவினிதான் பரப்புகிறது.

அசுவினி வைரஸைச் சுமப்பதில் இரண்டு விதம் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் எப்போது மருந்து அடிக்கலாம், எப்போது அது வீண் செலவு என்று தெரிந்துவிடும். முடிக்கொத்து வைரஸை எடுக்க அசுவினி ஒரு வாழையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும். வைரஸ் அதன் குடலைத் தாண்டி உடம்புக்குள் போய், எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அப்புறம்தான் அடுத்த மரத்துக்குக் கொடுக்க முடியும். ஒருமுறை எடுத்துவிட்டால் அநேகமாக அதன் ஆயுள் முடியும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். இங்கே பூச்சிமருந்துக்கு வேலை இருக்கிறது. அசுவினியை ஒழித்தால் பரவல் நிஜமாகவே குறையும்.

பப்பாளியின் வளையப்புள்ளி நோய் இதற்கு நேர் எதிர். அங்கே வைரஸ் அசுவினியின் வாய் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். எங்கிருந்தோ பறந்து வரும் அசுவினி இது நமக்கான செடியா என்று ஒரு குத்துக் குத்திப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த செடிக்குப் போய்விடும். அந்தச் சில விநாடிகளில் நோய் கைமாறிவிடும். நாம் அடித்து வைத்த மருந்து அதைக் கொல்வதற்குள் அது நாலு செடியைக் குத்தி முடித்திருக்கும். பப்பாளிக்கு வாராவாரம் பூச்சிமருந்து அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அந்தக் காசுக்கு நாற்றங்காலுக்கு வலை கட்டலாம். வயலைச் சுற்றி நாலைந்து வரிசை மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாகப் போடலாம், உள்ளே வரும் அசுவினி முதலில் அதில் குத்தி வாயைச் சுத்தம் செய்துகொள்ளும். பக்கத்தில் பூசணி, வெள்ளரி வகைகளைத் தவிர்ப்பதும் நல்லது. பப்பாளிக்கு இருக்கும் ஒரே ஆறுதல், அது விதையிலிருந்து வளர்வது. இந்த வைரஸ் விதை வழியாகப் பொதுவாகப் போவதில்லை.

ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, வாழை மூன்றுக்கும் அந்த ஆறுதல் கிடையாது. ஸ்ட்ராபெர்ரியை ஓடுதண்டிலிருந்து (தரையில் படர்ந்து ஆங்காங்கே வேர்விடும் கொடியிலிருந்து) பிரித்து நடுகிறோம், திராட்சையைக் குச்சியிலிருந்து, வாழையைக் கன்றிலிருந்து. தாய்ச்செடியின் ஒரு துண்டுதான் புதுச்செடி. தாயிடம் என்ன இருந்ததோ அதெல்லாம் பிள்ளைக்கும் வரும். உலகம் முழுக்க பெர்ரிப் பயிர்களில் வைரஸ் இவ்வளவு பெரிய தலைவலியாக இருப்பதற்கு மூலக் காரணம் இதுதான் என்பேன். பூச்சி பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும், நாற்று கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோகும்.

ஸ்ட்ராபெர்ரியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு வைரஸ் இருந்தால் பெரும்பாலும் செடி நன்றாகவே இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று சேர்ந்தால்தான் செடி குட்டையாகி, இலை ஓரம் மஞ்சளாகி, காய்ப்பு குறையும். 2012, 2013 வாக்கில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து போன நாற்றுகளில் இப்படி இரண்டு வைரஸ்கள் சேர்ந்தே இருந்தன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அவற்றை நட்டவர்கள் பல மாநிலங்களில் நஷ்டப்பட்டார்கள். நம் நாட்டில் ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்போன மகாபலேஷ்வரில்கூட தாய்ச்செடிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத்தான் பெருக்குகிறார்கள். கொடைக்கானலில் பத்து சென்ட் நிலத்தில் ஸ்ட்ராபெர்ரி போட நினைப்பவரும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். பழைய பாத்தியிலிருந்தே ஓடுதண்டைப் பிரித்துப் பிரித்து வருடக்கணக்கில் நட்டுக்கொண்டிருந்தால் விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருவது ஏன் என்பது இப்போது புரியும். மண் செத்துவிட்டது என்று உரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கோளாறு செடிக்குள் இருக்கும்.

குளிர்நாட்டு பெர்ரிகளில் இதைவிட விபரீதமெல்லாம் உண்டு. ராஸ்பெர்ரியின் ஒரு வைரஸ் மகரந்தத்தோடு பரவுகிறது. தேனீ வராமல் காய் சரியாகப் பிடிக்காது, வந்தால் நோயும் சேர்ந்து வரலாம். அந்த நோய் கண்ட பழம் கையில் எடுத்தால் உதிர்ந்து பொடியாகிவிடும். நல்லவேளை, நமக்கு அந்தப் பயிர் இல்லை.

திராட்சையில் கவனிக்க வேண்டியது இலைச்சுருள் நோய். கறுப்புத் திராட்சை ரகங்களில் பருவக் கடைசியில் இலை சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருளும். பழம் பழுக்கத் தாமதமாகும், இனிப்பும் குறையும். இதைக் குச்சியும் பரப்பும், மாவுப்பூச்சியும் பரப்பும். பந்தலில் மாவுப்பூச்சி இருந்தால் பழத்தில் பிசுபிசுப்பு என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபடி வாழைக்கு வருகிறேன், நமக்குப் பக்கத்தில் நடந்த கதை அங்கேதான் இருக்கிறது. முடிக்கொத்து நோய் 1889இல் பிஜித் தீவில் பதிவானது. 1920களில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வாழை விவசாயத்தை ஏறக்குறைய ஒழித்தே கட்டியது. அங்கே மேகீ என்ற ஆராய்ச்சியாளர்தான் இதை அசுவினி பரப்புகிறது என்று நிரூபித்தார். நோய் மரத்தைத் தேடித் தேடி அழிப்பது, சுத்தமான கன்றை மட்டும் நடுவது என்ற இரண்டே விதிகளைச் சட்டமாக்கித்தான் அவர்கள் மீண்டார்கள். மருந்து எதுவும் கண்டுபிடித்து அல்ல. இந்தியாவுக்கு 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளம் வழியாக வந்ததாகச் சொல்வார்கள்.

கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கமும் சிறுமலையிலும் வாழை, காப்பிச் செடிக்கு நடுவே மானாவாரியாக, ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கிற பயிர். சமவெளியில் ஒரு நடவு, ஒன்றிரண்டு மறுதாம்பு (அதே கிழங்கின் பக்கக் கன்றில் எடுக்கும் அடுத்த விளைச்சல்) என்று எடுத்துவிட்டு நிலத்தைக் காலி செய்கிறோம். அதனால் நோய்க்கு இடையிடையே ஒரு முறிவு கிடைக்கிறது. மலையில் அந்த முறிவே இல்லை. ஒரு கிழங்கில் புகுந்த வைரஸ் வருடக்கணக்கில் அங்கேயே இருந்து அசுவினிக்குத் தீனி போட்டது. போதாததற்கு நல்ல கன்று என்று நம்பிப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியும் நட்டார்கள். 1970களில் 18,000 எக்டேர் அளவுக்கு இருந்த மலைவாழை சுமார் 2,000 எக்டேராகச் சுருங்கியதாக வேளாண் ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. பழனி பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய விருப்பாச்சிப் பழம் அது, சிறுமலைப் பழத்தோடு சேர்த்துப் புவிசார் குறியீடும் பெற்றது. மதுரைப் பழக்கடையில் மலைப்பழம் ஒரு சீப்பு என்ன விலை என்று கேட்டு மலைப்பவர்கள் இந்த வைரஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ரகங்களை மீட்கக் கை கொடுத்தது திசு வளர்ப்பு, அதாவது செடியின் ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்துப் பல கன்றுகளாக்கும் முறை. இதைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்று என்றாலே வைரஸ் இல்லாத கன்று என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோயுள்ள கிழங்கிலிருந்து திசு எடுத்தால் ஒரே மாதிரி ஆயிரம் நோய்க்கன்றுகள் கிடைக்கும், அதுவும் வெகு வேகமாக. நல்ல ஆய்வகம் என்ன செய்யும் என்றால், முதலில் தாய்மரத்தைச் சோதிக்கும். எலைசா (வைரஸின் புரதத்தைத் தேடுவது), பிசிஆர் (அதன் மரபணுவைத் தேடுவது) என்ற சோதனைகள்தான், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே அதே பிசிஆர். தாய் சுத்தமாக இல்லை, ஆனால் ரகம் முக்கியம் என்றால், குருத்தின் உச்சியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுனியை மட்டும் வெட்டி வளர்ப்பார்கள். அந்த நுனிக்கு இன்னும் குழாய் இணைப்பு வந்திருக்காது, செடியின் சொந்தப் பாதுகாப்பும் அங்கே பலமாக இருக்கும், அதனால் வைரஸ் பெரும்பாலும் எட்டியிருக்காது. ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றைச் சில வாரம் 37, 38 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டு அப்புறம் நுனியை எடுப்பதும் உண்டு. எப்படி எடுத்தாலும் கடைசியில் மறுபடி சோதித்தால்தான் கணக்கு முடியும். திசு வளர்ப்புச் செடிகளுக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் ஒரு சான்று முறை நடத்துகிறது. கன்று வாங்கும்போது “இந்தத் தொகுதிக்கு வைரஸ் சோதனைச் சான்று இருக்கிறதா?” என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டுக் கோபப்படுகிற இடத்தில் வாங்காதீர்கள்.

தோட்டத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், அரிவாளை எடுத்து மரத்தை வெட்டிச் சாய்ப்பதுதான் பலரும் முதலில் செய்வது. அதில்தான் நோய் பரவும். மரம் வாடத் தொடங்கியதும் அதிலிருக்கும் அசுவினி எல்லாம் கிளம்பிப் பக்கத்து மரத்துக்குப் போகும். முதலில் குருத்திலும் அடி மட்டையிலும் மருந்து படும்படி தெளித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அப்புறம் மரத்தையும், அதே கிழங்கிலிருந்து வந்த கன்றுகள் அத்தனையையும், கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டாக்கி அழிக்க வேண்டும். மலைச்சரிவில் தோண்ட முடியாத இடத்தில் தண்டுக்குள் ஊசி மூலம் களைக்கொல்லி செலுத்தும் முறையும் உண்டு, அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒரே ஒரு கன்றை மட்டும், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்தாலும் செய்த வேலையெல்லாம் பாழ்.

எல்லாச் சுருண்ட இலையும் வைரஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து பட்டால் திராட்சை, தக்காளி, பப்பாளி இலைகள் நாடா மாதிரி ஒடுங்கி, பார்ப்பதற்கு அசல் வைரஸ் போலவே இருக்கும். ஆனால் அது காற்று வந்த பக்கத்தில் எல்லாச் செடியிலும் ஒரே நாளில் தெரியும், பிறகு வரும் இலைகள் தேறிவிடும். இரும்புச்சத்துக் குறையும் இளம் இலையை வெளுக்கச் செய்யும். அதுவும் ஒரு திட்டு முழுக்க ஒரே சீராக இருக்கும், தெளித்தால் சரியாகும். வைரஸ் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி, பக்கத்துச் செடிகளுக்கு வட்டமாக விரியும். திரும்பித் தேறாது.

இன்னொரு கேள்வியும் கட்டாயம் வரும்: அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் நமக்கு ஏதாவது ஆகுமா? ஆகாது. செடி வைரஸ் மனிதனுக்கு நோய் உண்டாக்காது. வளையப்புள்ளி விழுந்த பப்பாளியில் இனிப்புக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஒத்தக்கடையில் உள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரியின் பயிர் நோயியல் துறையில் காட்டலாம். வாழைக்கென்றே திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்பம் பக்கத்துக்காரர்களுக்கு ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் அருகில். மாதிரி எடுக்கும்போது காய்ந்த கீழ் இலையைப் பறித்துக்கொண்டு போகாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. கடைசியாக விரிந்த இலையில், நடு நரம்போடு சேர்த்துக் கையளவு துண்டு வெட்டுங்கள். அசுவினி ஒட்டியிருந்தால் அதை வழியெல்லாம் சுமந்துகொண்டு போகாமல் தோட்டத்திலேயே நசுக்கிவிடுங்கள். ஈரம் பட்டால் அழுகிவிடும், அதனால் தண்ணீர் தெளிக்காமல் செய்தித்தாளில் மடித்து, மேலே ரகம், நட்ட மாதம், கன்று எங்கே வாங்கியது என்று எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.